ஆறு இதழ்களுக்கு நடுவே

திரைச்சீலைக் கடையில் தைப்பவளை எல்லோரும் கத்தரி என்றே கூப்பிட்டார்கள். கையில் இருக்கும் கத்தரிக்கோலால் வந்த பெயர் என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். வாயால் வந்தது என்பது உடன் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். அந்த வாய்தான் தங்கையின் கல்யாணத்தன்று, மாப்பிள்ளையின் காதுபட, "இவன் எத்தனை நாளைக்கு நிலைக்கிறான்னு பார்ப்போம்" என்றது. மாப்பிள்ளை நிலைத்துவிட்டார். அக்காவுக்கும் தங்கைக்கும்தான் பேச்சு நின்றுபோனது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் அம்மா தூது போய்க்கொண்டிருந்தாள்.

அந்த அம்மாவுக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டி வந்தது.

அறுவை சிகிச்சையன்று காலை கடையிலிருந்து போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த கத்தரிக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. எழுவாள், அறுவை சிகிச்சை அறையின் கதவு வரை போவாள், திரும்புவாள். பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் நர்ஸ் ஒருத்தி பின்பக்கத்து முற்றத்தைக் காட்டினாள்.

"அக்கா, நீங்க நடக்கிறதைப் பார்த்தா எங்களுக்கே படபடன்னு இருக்கு. அங்க தரையில சுத்துப்பாதை போட்டிருக்கு, அதுல நடங்க. முடிஞ்சதும் நானே வந்து கூப்பிடறேன்."

"அதுல வழி தெரியாம மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கவே முடியாது. ஒரே வழிதான். பிரியவும் பிரியாது, முட்டவும் முட்டாது. காலை வச்சா நடுவுல கொண்டுபோய் விட்டுடும்."

முற்றம் முழுக்கச் சாம்பல் நிறக் கல். அதில் வெள்ளைக் கல்லால் கோடு பதித்து, வட்டத்துக்குள் வட்டமாக வளைந்து வளைந்து போகும் பாதை. நடுவில் ஆள் படுக்கலாம் போல ஒரு வட்டம். அதற்குள், நுனிகள் விளிம்பைத் தொடும்படி ஆறு இதழ்ப் பூ ஒன்று.

கத்தரி நடந்தாள். இரண்டாவது வளைவிலேயே பூ கை நீட்டினால் எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. 'இவ்வளவுதானா' என்று நினைக்கும்போதே பாதை அவளைத் திருப்பி, வெளி ஓரம் வரை தள்ளிக்கொண்டு போனது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கல்லிடம் கோபித்து என்ன பயன்? நடந்தாள். எந்தப் பக்கம் போவது என்று யோசிக்க வேண்டாத ஒரு வழி இருக்கக்கூடும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளை அறியாமலே நடை தளர்ந்தது, மூச்சு சீரானது.

நிமிர்ந்தபோது வாசலில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். ரொட்டிக் கடையிலிருந்து நேரே வந்திருக்கிறாள், முழங்கையில் மாவு. நர்ஸ் அவளையும் இங்கே விரட்டியிருக்க வேண்டும். அக்காவைப் பார்த்துத் தயங்கிவிட்டு, அவளும் பாதையில் கால் வைத்தாள்.

அதன்பின் நடந்ததைக் கத்தரியால் இன்றைக்கும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பாதை இருவரையும் தோளோடு தோள் உரசும்படி பக்கத்தில் கொண்டுவந்தது. நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு. கத்தரி வாயைத் திறப்பதற்குள் ஆளுக்கொரு திசையாகப் பிரித்துவிட்டது. முற்றத்தின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் தங்கை. மறுபடி பக்கத்தில் வந்தபோது தங்கையின் கண் கலங்கியிருந்தது. மறுபடி பிரிந்தார்கள்.

கத்தரிதான் முதலில் பூவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே நின்றதும் தொழில் புத்தி தலைகாட்டியது. எந்தத் துணியைச் சம மடிப்பாகப் பிரித்தாலும் விரல்கடை மிச்சம் விழும். அதை ஓரத்தில் மறைத்துத் தைப்பாள். இந்த வட்டத்தை ஆறாகப் பிரித்தவன் மிச்சத்தை எங்கே மறைத்தான்? கைப்பையிலிருந்து நூலை எடுத்து, பூவின் நடுப்புள்ளியிலிருந்து ஓர் இதழின் நுனி வரை அளந்தாள். அதே நூலை அந்த நுனியிலிருந்து அடுத்த நுனிக்கு வைத்துப் பார்க்கலாமென்றால், ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை நழுவியது.

பக்கத்தில் நிழல் விழுந்தது.

"இந்த முனையைக் கொஞ்சம் பிடிடி" என்றாள் கத்தரி, தலையைத் தூக்காமலே.

தங்கை மண்டியிட்டுப் பிடித்தாள். நூல் இம்மி பிசகாமல் அடுத்த நுனியில் போய் நின்றது. அதற்கடுத்ததிலும் அப்படியே. இருவரும் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து சுற்றி வந்தார்கள். ஆறாவது தடவை, நூல் தொடங்கின நுனியிலேயே வந்து நின்றது. மிச்சம் என்று ஒரு மயிரிழை இல்லை.

"நடுவுலேர்ந்து விளிம்புக்கு என்ன தூரமோ, அதேதான் சுத்தி வர ஆறு தடவையும்" என்றாள் கத்தரி. "இதை யாரும் பிரிக்கலைடி. வட்டம் தானாவே இப்படி இருக்கு."

"எல்லா வட்டமுமா?"

"எல்லாந்தான் போல. தட்டு, சக்கரம், எல்லாம்."

"யாரு அக்கா இப்படிப் போட்டு வச்சது?"

கத்தரி நூலை இன்னொரு தடவை நுனியில் வைத்துப் பார்த்தாள். மயிர்க்கூச்செறிந்தது. கோவிலில் கும்பிடும்போதுகூட இப்படி ஆனதில்லை. தான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, யாரும் அளந்து பார்க்காதபோதும் இது இப்படித்தான் இருந்திருக்கிறது. நாளைக்குத் தான் இல்லாவிட்டாலும் இருக்கும். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நூலை விடாமல் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள் கத்தரி.

"சொல்லியிருக்கக் கூடாதுதான்" என்றாள் தங்கை.

அப்போது நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். பாதையாவது ஒன்றாவது, இரண்டு பேரும் கோடுகளை மிதித்துத் தாண்டி ஓடினார்கள்.

அம்மா பிழைத்துக்கொண்டாள். கண் விழித்ததும் இரண்டு பெண்களையும் ஒரே கட்டிலருகில் பார்த்து, தான் போய்ச் சேர்ந்துவிட்டதாகவே நினைத்தாளாம்.

அக்காவும் தங்கையும் இப்போதும் சண்டை போடுவார்கள், போனை வைத்துவிட்டு மறுநாள் எடுப்பார்கள். அம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போகும் நாட்களில் அவளையும் மெல்ல முற்றத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். அம்மா முன்னால் நடக்க, பின்னால் தங்கை, கடைசியில் கத்தரி. நடுவுக்குப் போய்ச் சேரும்வரை மூவரும் பேசுவதில்லை.