முந்நூற்றுப் பதினேழின் கண்ணாடி

சாப்பிட்டு முடித்ததும் அவர் கரண்டிகளை எண்ணுவார். கத்தி, இடுக்கி, வடிகட்டி எல்லாம் அதனதன் ஆணியில் தொங்குகின்றனவா என்று பார்ப்பார். ஒன்று குறைந்தாலும் விடமாட்டார். ஒரு தேக்கரண்டிக்காகக் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்துக் கிளறியிருக்கிறார்.

"உங்க வீட்டுக் கரண்டியை நான் ஒண்ணும் என் பொறந்த வீட்டுக்குக் கடத்தலை. போய் உட்காருங்க," என்பாள் மனைவி.

குடியிருப்பில் அவருக்கு 'எண்ணி' என்று பெயர். வைத்தவர்கள், லிஃப்ட் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்கள். பத்தொன்பது வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட் குழிக்குள் இறங்கும் முன் ஒரு முறையும், ஏறிய பிறகு இரண்டு முறையும் பையிலுள்ள கருவிகளை எண்ணுவார். அதற்கு முன் விமானப்படையில் தரைப்பணி மெக்கானிக்காக இருந்தார். அந்தக் காலத்தைப் பற்றி அவர் பேசுவதில்லை. அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. பிறருடைய மௌனத்துக்கு நாம் யோசிக்காமல் நல்ல பெயர் வைத்துவிடுகிறோம்.

தெருவைப் பார்த்த சிறிய அறையில் அவருடைய மேசை இருந்தது. சுவர் அலமாரியில் நாற்பத்தோரு போர் விமானங்கள். எல்லாம் உள்ளங்கை இரண்டைச் சேர்த்து விரித்தால் அடங்கும் அளவு. பிளாஸ்டிக் துண்டுகளை வெட்டி எடுத்து, ஒட்டி, தேய்த்து, வண்ணம் அடித்தவை. வேலை மிகச் சிறப்பு என்று சொல்லிவிட முடியாது. நிறத்தில் துணிச்சல் போதாது. வெயிலில் வெளுத்த இறக்கைகூடக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் வெளுத்திருக்கும். ஆனால் ஒட்டிய கோடு எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. அது சின்ன விஷயமில்லை.

ஒன்று மட்டும் விநோதம். நாற்பத்தோரு விமானங்களிலும் விமானியின் தலைக்கு மேலே வரும் கண்ணாடி மூடி திறந்தே இருந்தது. உள்ளே இருக்கை காலி.

"என்னண்ணே, உங்க விமானப்படையில ஒருத்தரும் வேலைக்கே வர்றதில்லையா?" என்று பொம்மை விமானப் பெட்டிகள் விற்கும் கடைக்காரர் கேட்பார். "டீ குடிக்கப் போயிருக்காங்க," என்று இவர் சொல்வார். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். வருடக்கணக்காக அதே கேள்வி, அதே பதில்.

அந்தக் கடைக்காரர்தான் ஒரு நாள் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருத்தியை அவரிடம் அனுப்பி வைத்தார். முப்பத்திரண்டு வயது இருக்கும். வந்து உட்கார்ந்ததும், "தோளைத் தூக்கி வச்சுக்கிட்டே வேலை பார்க்கறீங்களா சார்? இப்பவும் தூக்கித்தான் வச்சிருக்கீங்க. இறக்குங்க," என்றாள். அவர் இறக்கினார். அவள் பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எங்கப்பா ஓட்டின விமானம். நான் ஒண்ணாவது படிக்கும்போது விபத்துல போயிட்டாரு. இது அதுக்கு முந்தின வருஷம் எடுத்த படம். அடுத்த மாசம் அம்மாவுக்கு அறுபது. இதே நம்பரோட செஞ்சு தரணும். மூடி திறந்திருக்க வேண்டாம் சார். மூடியிருக்கணும், உள்ளே அவர் இருக்கணும். பறக்கிற மாதிரி."

படத்தில் விமானத்தின் மூக்கில் 317 என்று எழுதியிருந்தது. ஹெல்மெட் போட்ட விமானி இருக்கையில் அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாய்த்திருந்த ஏணியில் யாரோ ஒருவருடைய கை, முழங்கை வரை மட்டும் தெரிந்தது.

அது அவருடைய கை.

"முடியாதுன்னா சொல்லிடுங்க சார், சங்கடப்படாதீங்க."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். "எந்தத் தேதிக்கு வேணும்?" என்று கேட்டார்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவர் வேலை பார்த்த விமானக் கொட்டகையில் ஒரு பலகை இருந்தது. ஒவ்வொரு கருவியின் உருவமும் அதில் கறுப்பாக வரையப்பட்டிருக்கும். வேலை முடிந்ததும் அதனதன் உருவத்தின்மேல் கருவியை மாட்ட வேண்டும். ஒரு உருவம் காலியாக இருந்தாலும் விமானம் பறக்கக் கூடாது. கருவி கிடைக்கும் வரை விமானத்தின் உடலைத் தகடு தகடாகக் கழற்றித் தேட வேண்டும். மறந்து உள்ளே விட்ட ஒரு சின்ன இரும்பு, பறக்கும்போது உருண்டுபோய் ஏதாவது கம்பியின் இடுக்கில் நின்றால் போதும்.

ஒரு மாலை, குட்டை ஸ்க்ரூடிரைவரின் உருவம் காலியாக இருந்தது. அவர் அரை மணி நேரம் தேடினார். சொன்னால் இரண்டு நாள் வேலை, எல்லோரும் திட்டுவார்கள், வீட்டுக்குப் போகும் பஸ் வேறு வாசலில் நின்றது. தன் சைக்கிள் பையில் அதே அளவில் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. கொட்டகைக் கருவிகளுக்கு இருப்பதுபோல அதன் பிடியில் சிவப்பு வளையம் வரைந்து பலகையில் மாட்டிவிட்டு, 'அனைத்தும் சரி' என்று கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலை 317 கிளம்பிப் போனது. கடலுக்கு மேலே விழுந்தது. மீட்டது கொஞ்சம்தான். பறவை மோதியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. கருவிப் பலகையை ஒழுங்காக வைத்திருந்ததற்காக அவருடைய பிரிவுக்கு ஒரு பாராட்டு வரியும் இருந்தது.

தொலைந்த ஸ்க்ரூடிரைவர் இன்றுவரை கிடைக்கவில்லை. விமானத்துக்குள் இருந்ததா, சாக்கடையில் விழுந்ததா, எவனாவது பையில் போட்டுக்கொண்டு போனானா, எதுவும் தெரியாது. செய்த குற்றத்தோடு ஒருவன் வாழ்ந்துவிட முடியும். செய்தோமா என்றே தெரியாத குற்றத்தோடு வாழ்வதுதான் கடினம். அதற்குத் தண்டனையும் இல்லை, விடுதலையும் இல்லை.

அவர் 317-ஐச் செய்யத் தொடங்கினார்.

விமானியைத்தான் முதலில் செய்தார். கட்டைவிரல் நகத்தளவு மனிதன். ஹெல்மெட்டுக்கு வெள்ளை, கையுறைக்குப் பழுப்பு. முகத்துக்கு நிறம் கலந்து வைத்துவிட்டு நாலு நாள் தொடவில்லை. பிறகு மூச்சுக்காற்றுக் குழாயின் முகமூடியை முகத்தில் ஒட்டிவிட்டார். முகம் எழுத வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இருக்கையில் உட்கார வைத்து, மெல்லிய தாளில் வெட்டிய பெல்ட்டை இடுக்கியால் தோளில் மாட்டினார்.

விமான உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டுமுன் அதன் மூக்குக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை வைத்து ஒட்டினார். சக்கரத்தில் நிற்கும் விமானம் வாலில் குந்திவிடாமல் இருப்பதற்காகச் செய்வது அது. பறக்கும் நிலையில் தாங்கியில் நிற்கப்போகும் விமானத்துக்குத் தேவையே இல்லை. நாற்பத்தோரு தடவை செய்த கை, நாற்பத்திரண்டாவது தடவையும் தானாகச் செய்துவிட்டது.

உடலை மூடி, இணைப்பில் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து முடித்த பிறகு கையில் எடுத்துப் பார்த்தார். உள்ளே ஏதோ உருண்டது.

மறுபடி ஆட்டினார். மறுபடி உருண்டது.

மனைவி காய்கறிப் பையோடு உள்ளே வந்தபோது அவர் சின்ன ரம்பத்தால் விமானத்தை இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, நேத்துதானே ஒட்டினீங்க?"

"உள்ளே ஏதோ கிடக்கு."

"நீங்க போட்டதுதான் கிடக்கும். வேற யாரு உள்ளே போகப் போறா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தாள். கத்தரிக்காயின் விலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டு போய்விட்டாள். பசை விட்டுப்போன ஈயக்குண்டு ஒன்று மேசையில் விழுந்து உருண்டது. எல்லாக் குண்டுகளையும் பெயர்த்தெடுத்து எண்ணினார். பதினொன்று. போட்டதும் பதினொன்றுதான். மறுபடி ஒட்டி, பட்டி பூசி, தேய்த்து, காதருகில் வைத்து ஆட்டினார். சத்தமில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்கப் போகும்போதும் வரும்போதும் எடுத்து ஆட்டிப் பார்த்தபடியே இருந்தார்.

சாம்பல் நிறம் இரண்டு பூச்சு. தண்ணீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டும் எண்கள். மூன்று, ஒன்று, ஏழு. தகடுகள் சேரும் கோடுகளில் கறுப்பு மையை ஓடவிட்டுத் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அந்தப் பெண் வருவதாக இருந்தது. மூன்று மணிக்குக் கண்ணாடி மூடி மட்டும் பாக்கி.

மூடி சரியாக உட்காரவில்லை. ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்பக்கம் கட்டைவிரலைக் கொடுத்து வளைத்துப் பார்த்தார். இதற்கென்று இருக்கும் வெள்ளைப் பசை பிடிக்கவில்லை. நேரமும் போய்க்கொண்டிருந்தது. சூப்பர் க்ளூவை எடுத்துச் சுற்றிலும் தடவி அழுத்திப் பிடித்தார். இந்தப் பொழுதுபோக்கில் நேற்று நுழைந்தவனுக்கும் சொல்லித்தரும் முதல் பாடம், கண்ணாடிக்கு அந்தப் பசை ஆகாது என்பது. இறுகும்போது எழும் ஆவி உள்ளேயே சுற்றி, கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். விரல் பட்ட இடத்தில்தான் முதலில் படியும். நாற்பத்தோரு விமானம் செய்தவருக்கு அது எப்படி மறந்தது? மறக்கவில்லை. அவர் ஒரு தடவைகூட மூடியை மூடியதில்லை.

நாலரைக்கு வந்து பார்த்தபோது கண்ணாடி பனி பிடித்ததுபோல வெளுத்திருந்தது. விமானியின் முகத்துக்கு நேர் எதிரே, ஒரு கட்டைவிரலின் ரேகை. ஒவ்வொரு கோடும் தெளிவாக.

மென்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கதவு தட்டும் சத்தம் கேட்கவில்லை. மனைவி திறந்துவிட, அந்தப் பெண் வந்து பின்னால் நின்றாள்.

"அது உள்பக்கம் இருக்கு சார். வெளியே துடைச்சா எப்படிப் போகும்?"

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"அப்படியே இருக்கட்டும் சார். அப்பா உள்ளே மூச்சு விட்ட மாதிரி இருக்கு."

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவளே ஓர் அழகான விளக்கத்தைக் கொடுத்துவிட்டாள், ஏற்றுக்கொண்டால் போதும். ஒரு பாராட்டு வரியை ஏற்கெனவே ஒரு முறை அப்படி ஏற்றுக்கொண்டிருந்தார்.

"மூச்சு இல்லைம்மா," என்றார். "என் கட்டைவிரல். அந்தப் போட்டோவுல ஏணியில இருக்கிற கையும் என்னோடதுதான்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். காலி உருவம், சைக்கிள் பை, சிவப்பு வளையம், கையெழுத்து. மனைவி டீத் தட்டோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"விசாரணையில ஏன் சொல்லலை?" பெண்ணின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை.

"முதல்ல பயம். அப்புறம் வெட்கம். அப்புறம் பழகிப்போச்சு."

"கட்டிக்கிட்டவகிட்டயாவது சொல்லியிருக்கக்கூடாதா?" என்றாள் மனைவி.

அந்தப் பெண் விமானத்தை மேசைமேல் வைத்தாள். "அன்னிக்குக் காலையில அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை. அவரு கிளம்பும்போது அம்மா வாசலுக்கே வரலை. கோபத்தோட போனாரு, அதான் கவனம் தப்பிடுச்சுன்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. எங்க வீட்ல யாரும் சத்தமாப் பேசக்கூடாது சார். டிவி சத்தம்கூட." பையைத் தோளில் மாட்டினாள். "சட்டையைப் போடுங்க. வந்து அவங்ககிட்ட சொல்லுங்க."

"இப்பவா?"

"இன்னும் எத்தனை வருஷம் வேணும்?"

விமானத்தை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அவரே இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார்.

அவளுடைய அம்மா இருந்தது வேறொரு தெருவில், ஒரு மூன்றாம் மாடி வீட்டில். துணி மடித்துக்கொண்டிருந்தவர், அறிமுகம் முடிந்ததும் ஒரு தலையணை உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வந்தவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. மடியிலிருந்த உறையை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"அந்த ஸ்க்ரூடிரைவர் உள்ளேதான் இருந்துச்சா?"

"தெரியலைங்க."

"அப்போ உங்களுக்கும் தெரியாது."

"தெரியாதுங்க."

"அதைச் சொல்லத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார். கோபமில்லை. தன்னிடம் இருந்த ஒன்றைப் பங்கு கேட்டு வந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு முதல் முறையாக விமானத்தின் பக்கம் திரும்பி, வெளுத்த கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"அன்னிக்குக் காலையிலயும் ஏணியில நின்னு பெல்ட் மாட்டிவிட்டது நீங்கதானே? எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அப்போ அவரு முகம் எப்படி இருந்துச்சு? கோபமாவா?"

அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற மகள் அவரைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். கெஞ்சுவதுபோல இருந்தது. சிரித்தார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் யாரும் சரிபார்க்க முடியாது. அந்த வீட்டில் இனிமேல் சத்தமாகப் பேசலாம்.

அவருடைய தோள்கள் உயர்ந்தன.

"நான் முகத்தைப் பார்க்கலைங்க," என்றார். "முந்தின நாள் செஞ்சது மனசுல இருந்துச்சு. நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை. பெல்ட்டை மட்டும்தான் பார்த்தேன்."

மகள் கண்களை மூடிக்கொண்டாள்.

கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்த்து, முடியாமல், மறுபடி உதைத்தார்கள். அந்தச் சத்தம் ஓய்ந்ததும் அந்த அம்மா தலையணை உறையை மடித்த துணிகளின்மேல் வைத்தார்.

"நானும் பார்க்கலை," என்றார்.