கால் மணி நேரக் குடித்தனம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளைச் சலவையக்கா என்பார்கள். அவள் கணவரைத் தெருவில் ரொட்டிக்காரர் என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்தே அவருக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை, அவளுக்குப் பகல் வேலை. முழங்கை வரை மாவோடு அவர் வீட்டுக்குள் நுழையும்போது, அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே கிளம்பி நிற்பாள். நடுவில் ஒரு கால் மணி நேரம் கிடைக்கும். அதற்குள் நின்றபடியே தேநீர் குடித்து, அவர் கொண்டுவந்த சூடான ரொட்டியைப் பிய்த்துத் தின்று, வீட்டு விவகாரம் அத்தனையும் பேசி முடித்துவிடுவார்கள். வயிற்றில் பிள்ளை தங்கியிருக்கிறது என்று அவள் சொன்னது அந்தக் கதவருகேதான். தன் அம்மா போய்விட்ட சேதியை அவர் சொன்னதும் அங்கேதான்.

விடுமுறை நாளில் சேர்ந்து இருக்கலாமே என்று கேட்பீர்கள். விடுமுறையில் அவர் தூங்குவார். அவள் ஒரு கரண்டிகூட உரசாமல் வீட்டு வேலையை முடிப்பாள். ஓசையில்லாமல் நடப்பதற்குப் பரிசு கொடுத்தால் அவளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அடுத்த மாதத்தோடு ரொட்டிக்காரருக்கு வேலை முடிகிறது. சலவையக்காவும் கூடவே வேலையிலிருந்து நின்றுவிடுவதாகச் சொல்லிவிட்டாள். அதைக் கொண்டாட மகளும் மருமகனும் ஒரு தீவில் அறை எடுத்துக் கொடுத்தார்கள்.

“ஒரு வாரம் நிம்மதியா இருந்துட்டு வாங்கம்மா. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து நான் பார்த்ததே இல்ல,” என்றாள் மகள்.

சலவையக்கா சிரித்து வைத்தாள். உள்ளுக்குள் பயம்தான். கால் மணி நேரம் பேசத் தெரிந்த இரண்டு பேர், இனி விடிந்தால் அடைந்தால் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன பேசுவது? இந்தப் பயத்தை யாரிடம் சொல்ல முடியும்? கட்டின புருஷனிடம் பேச விஷயம் இல்லை என்றால் ஊர் சிரிக்காதா?

தீவு என்னவோ அழகாகத்தான் இருந்தது. தென்னை மரங்களுக்கு நடுவே அறை, அறைக்கு முன்னால் கடல், கடலைப் பார்த்தபடி இரண்டு பிரம்பு நாற்காலிகள். கட்டிலின் மேல் இரண்டு துண்டுகளை அன்னப் பறவைகளாக மடித்து, மூக்கோடு மூக்கு முட்ட வைத்திருந்தார்கள். அவள் போனதும் முதல் வேலையாக இரண்டையும் பிரித்து, மருத்துவமனை வழக்கப்படி சதுரமாக மடித்து அடுக்கினாள்.

“பாவம், அதுங்க பாட்டுக்கு இருந்துச்சு,” என்றார் ரொட்டிக்காரர்.

“துண்டுன்னா துண்டு மாதிரி இருக்கணும்.”

“அதுவும் சரிதான்.”

பிறகு நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

“கடல் நல்லா இருக்குல்ல?”

“ம். நல்லா இருக்கு.”

கடலைப் பற்றி அவர்களிடம் அவ்வளவுதான் இருந்தது. அவருக்குக் கண் சொக்கியது. பகலில் தூங்கியே பழகிய உடம்பு, தீவுக்கு வந்தால் மட்டும் மாறிவிடுமா? அவர் போய்ப் படுத்தார். அவள் திரைச்சீலைகளை இழுத்து மூடினாள். அறை கூட்ட வந்த பெண்ணை, உதட்டில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை போல வெளியேறினாள். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான்.

கரையில் எங்கு திரும்பினாலும் ஜோடிகள். முதுகில் களிம்பு தடவிவிடுகிறவர்கள், ஒரே இளநீரில் இரண்டு குழாய் போட்டுக் குடிக்கிறவர்கள். அவர்களைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். குடையை வெயிலுக்கு எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ஒரு நடுவயது ஜோடி மல்லுக்கு நின்றதே, அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் பொறாமை பொங்கியது. சண்டை போடவும் நேரம் வேண்டும். அவர்களுக்கு அது கொட்டிக் கிடந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவர் முதல் நாள், “சார் வரலையாம்மா?” என்று கேட்டார். தூங்குகிறார் என்றாள். அடுத்த நாள் அவரே, “சார் தூங்குறாரா?” என்றார். மூன்றாம் நாள் எதுவும் கேட்கவில்லை. மேசையிலிருந்த இரண்டாவது தட்டை எடுத்துக்கொண்டு போனார். அவர் நல்ல மனிதர், இடம் அடைக்கிறதே என்று எடுத்திருப்பார். அவளுக்குத்தான் அதற்குமேல் உட்கார முடியவில்லை. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து அறைக்கு நடந்தாள்.

ஓசையில்லாமல் கதவைத் திறந்தாள். இருட்டாக்கிய அறையில், மகள் வாங்கிக் கொடுத்த புதுச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, ரொட்டிக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“தூங்கலையா நீங்க?”

“மொத நாள் தூங்கினதுதான். அப்புறம் எங்க தூக்கம்?”

“எந்திரிச்சு வெளிய வர வேண்டியதுதானே?”

“நீ திரைய இழுத்து மூடிட்டு, செருப்பக் கையில புடிச்சிட்டுப் போற. காலம் பூரா ஓடினவ, கொஞ்சம் தனியா இருக்கட்டும்னு கண்ண மூடிக் கெடந்தேன்.”

“நீங்க தூங்கணுமேன்னுதான் நான் போனேன்.”

அவர் தலையாட்டினார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். விஷயம் தெளிந்துவிட்டது, இனிப் பேச்சு மடை திறந்த மாதிரி வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சாயங்காலம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பை எடுத்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டாள். கரையில் தனியாக நடந்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு தனிமையாக இல்லை. இந்த மௌனத்தை ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் எங்கே வைப்பது?

மறுநாள் காலையில் அவளுக்கு அறைக்குள் இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம் என்று கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவருகே போனாள். அவர் இரண்டு கோப்பைத் தேநீரோடு பின்னாலேயே வந்தார். ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார்.

“ஒண்ணு சொல்லணும். எனக்குப் பயமா இருக்கு.”

“என்ன பயம்?”

“அடுத்த மாசத்துலேர்ந்து வீட்டோட கெடக்கப்போறேன். உன் காலச் சுத்திக்கிட்டு, இடைஞ்சலா இருப்பேனோன்னு.”

“எனக்கு மட்டும் பயம் இல்லையா? உங்ககிட்ட என்ன பேசுறதுன்னே தெரியலியே.”

“எனக்குக் கடலே புடிக்கல. எவ்வளவு நேரம்தான் அதையே பார்க்கிறது?”

“இத மொத நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமே,” என்று அவள் சிரித்தாள். அப்புறம் நிற்கவில்லை. அவருடைய முழங்கால் வலி, மருமகனின் குறட்டை, குடைக்குச் சண்டை போட்ட ஜோடி, எடுத்துக்கொண்டு போன தட்டு எல்லாம் வந்தது. தட்டைப் பற்றிச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அவர் எட்டி, தோளிலிருந்து நழுவிய பையின் வாரைத் தூக்கிவிட்டார்.

தேநீர் தீர்ந்தது. அவர் கோப்பையைக் கீழே வைத்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“சரி, நேரமாச்சு. கிளம்பு.”

பழக்கத்தில் சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். எங்கே கிளம்புவது? இருவரும் திரும்பிப் பிரம்பு நாற்காலிகளைப் பார்த்தார்கள். அங்கே போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கடல் நல்லா இருக்குல்ல, ம், நல்லா இருக்கு.

அவள் பையைச் சரிசெய்துகொண்டு, “போயிட்டு வரேன்,” என்றாள். தென்னைகளைத் தாண்டி, சமையற்கூடத்தைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பி வந்து கதவைத் தட்டினாள்.

இரண்டு கோப்பைகளும் திரும்ப நிரம்பியிருந்தன. அவர் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் பையைத் தோளிலிருந்து இறக்காமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள்.

“ம், சொல்லுங்க,” என்றாள்.