மாடு நகர்த்தப் படித்த காலம்

ஸ்கீவ என்ற டேனிஷ் ஊருக்கு வெளியே ஒரு விவசாயக் கல்லூரியில் இறைச்சி மாடு வளர்க்கப் படிக்கச் சேர்ந்தேன். ஊரிலிருந்து நான் கொண்டுபோன மாட்டறிவு ஒரு பழமொழிதான்: அடியாத மாடு படியாது. முதல் நாளே காளைகளை நிறுக்கும் கூட்டுக்குள் விடச் சொன்னார்கள். தடியை ஓங்கினேன். அவை கலைந்து வேலியில் மோதின. பெரிய உடம்புக்கார ஆசிரியர் வந்து தடியை வாங்கி வைக்கோலுக்குள் எறிந்தார்.

"அடிக்காத. தோளுக்குப் பின்னால ஒரு எட்டு வை, முன்னுக்குப் போகும். தோளுக்கு முன்னால வந்து நில், பின்னுக்குப் போகும்."

அவர் டேனிஷில் சொன்னது என் மனதில் இப்படித்தான் நிற்கிறது. சொன்னது உண்மை. எட்டு வைத்தேன், மலை மாதிரி நின்ற காளை சாதுவாக நடந்து போனது.

அப்போது மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். இங்கே கூப்பிட விண்ணப்பித்துப் பதிலுக்குக் காத்திருந்தோம். எங்கள் ஆட்கள் எவருக்கும் பதில் வரவில்லை. இந்த நாட்டு நீதி அமைச்சரே வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார் என்பது பிறகு நாடே அறிந்த கதை. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

என் அறையில் இருந்த மட்டக்களப்பு நண்பன் நச்சரித்தான்.

"அழுத பிள்ளைதான் மச்சான் பால் குடிக்கும். நீ வாயத் திறக்காம இருந்தா ஆரு பாக்கிற?"

கதையையும் பழமொழியையும் ஆசிரியரிடம் சொன்னேன். "ஏன் அழவேணும்? இந்த நாட்டில கேட்டால் பதில் சொல்லுவினம்" என்று சொல்லி அவர் சேற்றுச் சப்பாத்தோடேயே என்னைத் தொழுவத்து அறைக்குக் கூட்டிப்போய்க் கொப்பன்ஹாகனில் விண்ணப்பம் பார்க்கும் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பணிவாகக் கேட்டார். திரும்பவும் கேட்டார். மூன்றாம் முறை கேட்கும்போது அவருடைய கழுத்துச் சிவந்துவிட்டது.

"பாக்கினமாம். எப்ப முடியுமெண்டு சொல்லேலாதாம்." றிசீவரை வைத்தார். "எனக்கு விளங்கேல்லை."

அதுவரை அவருடைய நம்பிக்கையைத்தான் நானும் கடன் வாங்கி வைத்திருந்தேன். அவர் தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். "மனிசியோட கதை." லொட்ஜுக்கு எடுத்தேன்.

"என்னவாம்?" என்றாள்.

"பாக்கினமாம்."

"போன மாசமும் பாத்தவை. என்னப்பா, கண் தெரியாத ஆக்களே?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து வந்து போகுது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை. நான் இஞ்ச நிக்கிறதோ, ஊருக்குப் போறதோ? ஒரு சொல் சொல்லுங்கோ."

ஊரிலே இந்திய ஆமியும் சண்டையும். நில் என்றால் எதை நம்பி நிற்கச் சொல்வது? போ என்று சொல்ல எப்படி வாய் வரும்?

"எனக்கு ஒண்டும் தெரியேல்லையப்பா" என்றேன்.

அவள் அழாமல் சொன்னாள்.

"அப்ப நாளைக்கு வெள்ளன பஸ்ஸில போறம். சாகிறதெண்டாலும் எங்கட கிணத்துத் தண்ணியைக் குடிச்சிட்டுச் சாவம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வேண்டாம் என்றால், அடுத்து என்ன என்று கேட்பாளே. "ஓம்" என்றேன்.

"என்ன சொல்லுறா?" என்று ஆசிரியர் கேட்டார். விலா, தோள், தீவனம் என்று என் டேனிஷ் முழுக்க மாட்டோடுதான் இருந்தது.

"வீட்டுக்குப் போறாவாம்."

நல்லது என்று சொல்லத்தான் வாய் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் மூடிக்கொண்டார்.