ஒரு வாய்த் தண்ணீர்

அந்த மாசி மாதத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. பனி விழ வேண்டிய காலத்தில் சித்திரை வெயில் அடித்தது. என் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. நல்ல தண்ணீரில் குளிப்பாட்டினால்தான் அழுகையை நிறுத்துவாள்.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பின்னால் எங்கள் மாடிக் குடியிருப்பு. எட்டு வீட்டுக்கும் ஒரே போர்க் கிணறு. மோட்டார் சாவி என்னிடம் இருந்தது. இந்த மணலில் நல்ல தண்ணீர் மேலாகத்தான் நிற்கும், அடியில் கடலோடு கலந்த ஏரியின் உப்பு. கொஞ்சம் இறைத்து, நிறுத்தி, ஊறவிட்டு இறைக்க வேண்டும். விடாமல் இழுத்தால் உப்பு ஏறிவிடும், அப்புறம் ஐப்பசி மழைதான் கதி. அதனால் மோட்டார் ஓடும்போது அடிக்கடி ஒரு வாய் குடித்துப் பார்ப்போம். கரித்தால் உடனே நிறுத்திவிடுவோம்.

மேல்வீட்டுக்காரன் இறால் வியாபாரி. வீடு கொதிக்கிறதென்று மொட்டை மாடியில் தண்ணீரைக் கொட்டுவான். கேட்டால், "இன்னாக்கா, உங்க நைனா வெட்டுன போரா?" என்பான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ஒருநாள் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் பொன்னேரிக்குப் போயிருந்தேன். அவன் பூட்டை உடைத்து மோட்டாரைப் போட்டுவிட்டு, அப்படியே இறால் எடுக்கப் போய்விட்டான். நான் திரும்பும்போது தொட்டி வழிந்து சுவரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க ஒரு கை இல்லை. வழிந்ததைப் பிடித்து அவரவர் வாசலில் ஊற்றிச் சூடு தணித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தராவது ஒரு வாய் குடித்துப் பார்த்தார்களா? பாவிகள்! ஓடிப்போய் மோட்டாரை அணைத்துவிட்டுக் குழாயில் வாய் வைத்தேன். கடல் தண்ணீர் தோற்றுவிடும்.

சாயங்காலம் அவனே குடத்தோடு என் வாசலில் நின்றான்.

"அக்கா, பருப்பு வேகலன்றா ஊட்ல. காலைல புடிச்ச தண்ணி வெச்சிருக்கியாமே, கொஞ்சம் குடேன்."

இருந்தது ஒரு குடம், குழந்தைக்காக. குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளர் பிடித்து நீட்டினேன்.

"மொதல்ல இத்த குடி."

எட்டு வீடும் பார்த்தது. ஒரு வாய் குடித்தவன் காறித் துப்பினான்.

"துப்புறியா? என் கொழந்த மழ வர்ற வரைக்கும் இதுலதான் குளிக்கணும்!"

கதவைச் சாத்திவிட்டு, குடத்தில் இருந்த நல்ல தண்ணீரை அவளுக்கு ஊற்றினேன். அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.