நாலாவது ஊசிக்கு அப்புறம் வந்த முடி

என் ரத்தத்தை எடுத்து என் மண்டையிலேயே குத்திக்கொள்ள மாதாமாதம் ஓசூருக்குப் போய்வந்தேன். கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். முப்பத்து மூன்று வயதில் உச்சந்தலை பளபளத்து, போட்டோவைப் பார்த்தே இரண்டு பெண் வீட்டார் "மாப்பிள்ளைக்கு வயசு தெரியுதே" என்று ஒதுங்கியிருந்தால் நீங்களும் போயிருப்பீர்கள்.

எனக்கு ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். வேலை சூளகிரியில், வண்டிகளுக்குப் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில். அறையில் மூன்று பேராக இருந்தோம். மற்ற இருவரும் கல்யாணம் முடித்துத் தனிவீடு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம், எனக்கு இரண்டும் அரைகுறை. லீவு நாளில் நான் வாயைத் திறப்பதே டீக்கடையில்தான். கூட ஒருத்தி இருந்தால் தேவலை என்று ஏங்கிப்போயிருந்தேன். இதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

கிளினிக்கில் கையிலிருந்து ரத்தம் எடுத்து மிஷினில் போட்டுச் சுற்றுவார்கள். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்பதை ஊசியில் ஏற்றி உச்சியில் வரிசையாகக் குத்துவார்கள். மரத்துப்போகக் களிம்பு தடவினாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அன்றைக்கு ஹெல்மெட் போடக்கூடாது என்பதால் பஸ்ஸில்தான் போய்வருவேன்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "அடப்பாவி, உன் ரத்தத்தையே உனக்கு விக்கிறானா? கெட்டிக்காரன்டா அவன்!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். கடுப்பில் போனை வைத்துவிட்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, "ரொம்ப வலிச்சுதாடா?" என்றார். அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

நாலாவது தடவைக்கு அப்புறம் பூனைமுடி மாதிரி முளைத்து, மெல்லக் கருத்தது. ஷிப்டில் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன், ஒருத்தன் கண்ணிலும் படவில்லை. புது போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். ஒரு பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சித்தப்பா கூப்பிட்டார். அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். காதில் விழுந்ததும் என் கை நேராகத் தலைக்குப் போனது. கொள்ளி வைக்கிற பிள்ளை மொட்டை போட வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அழுகைக்கு முன்னால் அந்த நினைப்புதான் வந்தது. சீ, நானெல்லாம் ஒரு மகனா என்று ஊர் போய்ச் சேரும்வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

சுடுகாட்டில் முடி எடுக்கிறவர் தண்ணீர் தெளித்து, விரலால் அளைந்துவிட்டு, "உச்சியில நல்லா முடி வந்திருக்கே தம்பி, முன்ன இல்லையே" என்றார். அவ்வளவுதான், வாய்விட்டுக் கதறிவிட்டேன். சித்தப்பா தோளைப் பிடித்துக்கொண்டார். போட்டோவெல்லாம் வேணாம், நேர்ல வந்து காட்டுடா என்று அப்பா இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கத்தி உச்சிக்கு வந்தபோது என் பக்கத்தில்தான் அவர் படுத்திருந்தார்.