மிஸ் ஹியாமுக்கு ஒரு வேலை

அம்மானில் ஒரு தனியார் வணிகக் கல்லூரியின் மூன்றாவது மாடியில் ஹியாம் ககீஷின் அறை இருந்தது. எம்.பி.ஏ. முடித்தவர்களுக்கு வேலைக்கு வழிகாட்டுவது அவள் பொறுப்பு. அந்தப் படிப்புக்கு உலகத்தில் வங்கியை விட்டால் வேறு போக்கிடமே இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் அவளிடம் வருவார்கள். சிலர் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஹியாம் ஏலக்காய் மணக்கும் காப்பியை ஊற்றி முன்னால் வைத்துவிட்டு ஆரம்பிப்பாள்.

"ஏம்பா, ஆஸ்பத்திரியை டாக்டர் மட்டும் நடத்திட முடியுமா? அகபா துறைமுகத்துல கப்பல் வந்து நிக்குது, சரக்கை இறக்கி ஊருக்குள்ள அனுப்ப ஆள் வேணாமா? ஓட்டல், மருந்து கம்பெனி, பேரீச்சம்பழ ஏற்றுமதி... எல்லாரும் பேங்க்லயே போய் உக்காந்தா, பணம் போட வர்றது யாரு?"

அப்பாக்கள் சிரித்துவிடுவார்கள். அதோடு பாதி வேலை முடிந்த மாதிரி.

அவளும் அதே படிப்புப் படித்தவள்தான். நல்ல வேலை அமையும்வரை இருக்கலாம் என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு தேடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவள் அனுப்பிவைத்தவர்கள் எங்கெங்கோ மேலாளர் ஆனார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள், பிள்ளை பிறந்தால் படம் அனுப்பினார்கள்.

அவளுக்கு ஐம்பது தாண்டியபோது கல்லூரி கைமாறியது. புது நிர்வாகி பணிவான மனிதர். இனி மாணவர்கள் தங்கள் விவரத்தைக் கணினியில் போட்டால் போதும், பொருத்தமான வேலையை அதுவே காட்டிவிடும் என்றார். "உங்களை நாங்க மறக்கவே மாட்டோம், மிஸ் ஹியாம்" என்று ஒரு கண்ணாடிப் பூச்சாடியையும் கையில் கொடுத்து அனுப்பினார்.

வீட்டில் அவள் கணவன் ஈஸா மக்லூபா சோறு சமைத்து, பானையைத் தட்டில் கவிழ்க்கத் தயாராக நின்றான். வெய்ப்தே மேட்டில் சின்ன மருந்துக்கடை வைத்திருப்பவன். "உம் ஃபாதி, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றான். ஃபாதியின் அம்மா என்று மகன் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவான்.

"என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

பானை கோணலாக இறங்கியது. கத்தரிக்காய் ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம். ஈஸா தட்டைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். "சரி, இன்னிக்கு எல்லாமே கவுந்துடுச்சு. வா, சாப்பிடு" என்றான். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து விண்ணப்பம் போட ஆரம்பித்தாள். ஊருக்கெல்லாம் எழுதக் கற்றுக்கொடுத்தவளுக்குத் தன்னைப் பற்றி நாலு வரி எழுத வரவில்லை. பல இடங்களிலிருந்து பதிலே இல்லை. கடைசியில் ஒரு காப்பீட்டு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. பணியாளர் பயிற்சிக்கு ஆள் வேண்டுமாம்.

பிரிவுத் தலைவரின் அறைக்குள் நுழைந்தால், மேசைக்குப் பின்னால் முராத் ஷிஷானி! அவளுடைய பழைய மாணவன். தொப்பை விழுந்து, முன்தலை வழுக்கையாகியிருந்தது. துள்ளி எழுந்தான்.

"மிஸ்! நீங்களா? பேரைப் பார்த்தேன், வேற யாரோன்னு நினைச்சேன். எப்படி நான் உங்களைக் கேள்வி கேக்கறது?"

"கேளுப்பா. கேக்காம வேலை கொடுத்தா நாளைக்கு உன்னைத்தான் பேசுவாங்க."

முராத் தொண்டையைச் செருமிக்கொண்டான். "உங்க பலவீனம் என்ன?"

"இதுக்கு என்ன பதில் சொல்லணும்னு உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. அதையே திருப்பிச் சொல்லவா, நிஜத்தைச் சொல்லவா?"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் முராத் முகத்தைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கை கண்ணிலேயே நின்றுவிட்டது. ஹியாமுக்கு அது தெரிந்த சங்கதி. நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டாள்.

"என்னாச்சு, முராத்?"

"முடியல மிஸ். வெள்ளி சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை ஆபீசுக்குக் கிளம்பணும்னாலே முந்தின ராத்திரி தூக்கம் போயிடுது. அப்பாவோட ஸ்கூல் பஸ்ஸெல்லாம் கவனிக்க ஆளில்லாம நிக்குது. அதைப் பார்த்துக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. எம்.பி.ஏ. படிச்சவன் பஸ் ஓட்டறான்னு ஊரு சிரிக்குமேன்னு பயம்."

"ஓட்டப்போறியா, நடத்தப்போறியா?"

"நடத்தத்தான்."

"அப்ப உடனே வேலையை விடாதே. வெள்ளி சனி லீவுல அப்பாவோட போய் உக்காரு. பஸ் என்ன நிலைமைல இருக்கு, டிரைவருங்க என்ன சொல்றாங்க, எந்த ஸ்கூல் கோவத்துல இருக்கு, பாரு. அப்புறம் முடிவு பண்ணலாம்."

வெளியே அடுத்து வந்தவர்கள் காத்திருந்தார்கள். உள்ளே முராத் வரவழைத்த காப்பி ஆறிப்போயிருந்தது. நேர்காணல் முடிந்து முராத் வாசல்வரை வந்து வழியனுப்பினான். இரண்டு நாளில் வேலைக்கான கடிதமும் வந்தது.

ஹியாம் அதைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"நல்ல வேலைதானே, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றான் ஈஸா. எதிரே உட்கார்ந்தான். "சரி, உனக்கு என்ன பண்ணப் பிடிக்கும்?"

எத்தனையோ பேரிடம் அவள் கேட்ட கேள்வி. அவளிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கடிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "நான் பண்ணிட்டிருந்ததே எனக்குப் பிடிச்சதுதான். காலேஜுதான் போச்சு. வேலை எங்கிட்டதானே இருக்கு?"

"என் கடைக்கு மேல ரூம் சும்மாதான் கிடக்கு. அட்டைப் பெட்டியெல்லாம் எடுக்கணும், அவ்வளவுதான்."

காப்பீட்டு வேலை வேண்டாமென்று ஹியாம் எழுதிப் போட்டாள். அட்டைப் பெட்டிகள் போயின, பெயர்ப்பலகை வந்தது. முதலில் ஏறி வந்தவர்கள் எல்லாரும் இருமல் மருந்து கேட்டு வழிதவறியவர்கள். பிறகு ஒரு நாள், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி ஒருத்தி படபடவென்று படியேறி வந்தாள்.

"நீங்கதான் மிஸ் ஹியாமா? என் புருஷன் முராத் வேலையை விட்டுட்டார். நீங்க சொன்னதாலதானே?"

"உடனே விடாதேன்னுதானே நான் சொன்னேன்!"

"நல்லாச் சொன்னீங்க! ரெண்டு மாசமா லீவு நாள்ல பஸ்ஸுக்கு அடியில படுத்துப் பார்த்துட்டு, இப்ப எழுதியே கொடுத்துட்டார். நல்லாத் தூங்கறார், பாட்டு வேற பாடறார். கரகரன்னு!"

ஹியாமுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வந்தவளும் சிரித்துவிட்டாள். பெயர் மைசூன். காப்பி குடித்த பிறகு மெல்லச் சொன்னாள். அவளும் எம்.பி.ஏ.தான். மூன்று பிள்ளைகள் பிறந்ததில் எல்லாம் நின்றுபோயிற்று. "இனிமே என்னை யாரு எடுப்பாங்க, மிஸ்?"

"மூணு பிள்ளைங்களை நேரத்துக்கு ஸ்கூலுக்கு அனுப்பி, இந்த முராத்தையும் வச்சு சமாளிச்சிருக்கே. அதைவிட என்ன அனுபவம் வேணும்? சொல்லு, உனக்கு எது பிடிக்கும்?"

மைசூனுக்கு ஆஸ்பத்திரி வேலை பிடித்திருந்தது. அலைச்சலும் ஏமாற்றமும் இருந்தன, இரண்டு இடத்தில் வயதைச் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். ஆனாலும் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் நிர்வாகப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். அவள் தன் தோழிகளிடம் சொன்னாள், அவர்கள் தங்கள் தங்கைகளிடம் சொன்னார்கள். முராத் தன் பஸ்ஸின் பின்புறத்தில் மேல்மாடி விலாசத்தைக் கேட்காமலேயே எழுதிவிட்டான். இப்போது ஹியாமின் படிக்கட்டில் எப்போதும் யாராவது காத்திருக்கிறார்கள்.

ஈஸாவுக்கு ஒரே ஒரு குறைதான். வருகிறவர்கள் உட்காரவென்று கடையிலிருந்த நாற்காலியெல்லாம் மாடிக்குப் போய்விட்டது. "நின்னுக்கிட்டே மாத்திரை விக்கறேன், உம் ஃபாதி" என்று கீழேயிருந்து குரல் கொடுப்பான். "என் கால் வலிக்கு நானே என் கடையிலேயே மருந்து வாங்கணும் போல."

"வாங்குங்க, வியாபாரமாவது நடக்கட்டும்!" என்று மேலேயிருந்து பதில் வரும்.