எதிர்க் கட்டடத்துப் புறா

பெற்றவர்கள் அவளுக்கு ஆசையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கொசு அக்கா என்றால் வாசல் காவலாளிகூட வழி காட்டுவார். பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமி, ஊசி ஏறி இறங்கி பஞ்சும் வைத்த பிறகு, "எப்பக் குத்துவீங்க?" என்று கேட்டாளாம். முடிந்துவிட்டது என்றதும், "கொசு கடிச்ச மாதிரிகூட இல்லையே" என்றாளாம். அன்றைக்கு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். வேறு யாராவது என்றால் சண்டைக்குப் போயிருப்பார்கள். இவளுக்கோ அதில் கொள்ளைப் பெருமை. நரம்பு பிடிபடாத கிழவர்கள், வெள்ளை உடுப்பைக் கண்டாலே அலறும் குழந்தைகள் என்று சிக்கலான கேஸ் எல்லாம் அவள் நாற்காலிக்குத்தான் வரும்.

அவளுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. விடுமுறை என்றால் விடியும் முன்பே கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கோ மலைப்பாதைக்கோ கிளம்பிவிடுவாள். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாரம் முழுக்க அடுத்தவர் காலை நம்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதருக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். "பொண்ணு பாக்க வந்தேன்னு நெனச்சேன், சுமை தூக்குற வேலைன்னு ஒருத்தரும் சொல்லல" என்று முனகுவார். ஆனாலும் முக்காலியை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்.

ஒரு வருஷமாகவே அவளுடைய பறவைப் படங்கள் சரியாக வரவில்லை. மலையும் ஏரியும் முக்காலியில் வைத்து எடுப்பவை. அவற்றில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மீன்கொத்தி நமக்காகக் காத்திருக்குமா? முக்காலியைத் திருப்புவதற்குள் அது மீனோடு போய்விடும். அதனால் பறவைகளை அவள் கையில் பிடித்துத்தான் எடுப்பாள். அந்தப் படங்களில்தான் அலகு இரண்டாகத் தெரிந்தது, இறகுகள் கூழாகக் குழைந்திருந்தன. கேமரா பழசாகிவிட்டது, ஃபோகஸ் பிடிக்க மாட்டேன் என்கிறது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். "ஆட மாட்டாதவ கூடம் கோணல்னாளாம்" என்று வேலையிடத்துத் தோழி, பக்கத்து நாற்காலிக்காரி, கிண்டலடித்தாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அதே நாட்களில் ஆஸ்பத்திரியில் ஊசியும் சரியில்லாமல் போயிருந்தது. "இந்தப் புது ஊசி முனையே மொக்கை" என்று அவள் அடிக்கடி குறைப்பட்டாள். சிலரை இரண்டாம் முறை குத்த வேண்டி வந்தது. அதே பெட்டி ஊசியில்தான் பக்கத்து நாற்காலிக்காரியும் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை என்பது அப்போது யாருக்கும் உறைக்கவில்லை.

லென்ஸ் இருப்பதே போதும், கேமரா பாடியை மட்டும் மாற்றலாம் என்று தீர்மானித்து இருவரும் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் நெற்றிமேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் கேள்வி கேட்டார்.

"பறவை முக்கியமா மேடம், மலை முக்கியமா?"

"ரெண்டு பிள்ளையில எது செல்லம்னு கேக்குறீங்களே!"

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு பாடிகளை எடுத்து வைத்தார். ஒன்று வேகக்காரன், பறக்கிற பறவையின் கண்ணை விடாமல் துரத்தும். மற்றது மலைக்கு ஏற்றது, ஒவ்வொரு புல்லையும் தனித்தனியாகக் காட்டும். அவள் தன் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு கடை வாசலில் நின்று, எதிர்க் கட்டடத்தின் விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒரு புறாவை இரண்டிலும் எடுத்தாள். கடைக்காரர் படங்களைத் திரையில் பெரிதாக்கினார். முதல் படத்தில் புறா கலங்கியிருந்தது. இரண்டாவதில் இன்னும் மோசம்.

"இதுல படத்துக்குப் புள்ளிகள் அதிகம். சின்ன அசைவையும் காட்டிக்கொடுத்துடும்" என்றவர், யோசித்துவிட்டு மூன்றாவதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இதுல பாருங்க."

அந்தப் படத்தில் புறாவின் கண்ணைச் சுற்றியிருந்த வளையம்கூடத் தெளிவாக இருந்தது. அவள் சின்னப் பெண்போலக் கை தட்டினாள்.

"பாத்தீங்களா? கேமராதான் கோளாறுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன்ல?"

கணவர் சந்தோஷமாகப் பணப்பையைத் தேடினார். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. இதில் அப்படி என்ன விசேஷம் என்று அவள் கேட்டாள்.

"கை ஆடினா, உள்ள படம் பதியற சென்சார் அதுக்கு எதிரா நகர்ந்து சரிக்கட்டிடும் மேடம்."

"கை ஆடினாவா?"

"எல்லாருக்கும் கொஞ்சம் ஆடும்."

அவள் கேமராவை அவரிடமே நீட்டினாள். "அதை நிறுத்தி வைங்க. இன்னொரு தடவை எடுக்கறேன்."

நிறுத்தி வைத்தார். மறுபடி கலங்கிய புறா. அவள் லென்ஸைக் கழற்றி, கூடவே கொண்டுவந்திருந்த பழைய கேமராவில் மாட்டிக் கணவர் கையில் திணித்தாள். "நீங்க எடுங்க."

"எனக்கென்னம்மா தெரியும்?"

"அந்தப் புறாவைப் பாத்து அமுக்குங்க, போதும்."

ஷட்டர் பொத்தான் எங்கே என்றே தடவித்தான் அவர் கண்டுபிடித்தார். படம் கோணல், புறாவுக்கு வால் பக்கம் பாதியைக் காணோம். ஆனால் இருந்த பாதியில் கழுத்து இறகுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அத்தனை தெளிவு, அந்தப் பழைய கேமராவில்.

புறாவும் மீன்கொத்தியும் அவள் நினைவிலேயே இல்லை. போன வாரம் வந்த ஒரு சின்னப் பையனுக்கு மூன்று இடத்தில் குத்த வேண்டியிருந்தது. "கையை ஆட்டாதேன்னு சொல்றேன்ல" என்று அவனை அதட்டியிருந்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல்தான் உட்கார்ந்திருந்தான். கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது. அவள் கடைக்காரரின் மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் துடைத்த கண்ணாடி அலமாரியையே மறுபடி துடைக்கப் போய்விட்டார். கணவர் மெல்லச் சொன்னார். "இதையே எடுத்துக்கலாம்மா. உன் மீன்கொத்தி இனிமே தெளிவா வரும்." அவள் தலையாட்டினாள். மூன்றாவது பாடியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

காரில் உட்கார்ந்ததும் அவர் சாவியைப் போடாமல் பேசினார்.

"நாளைக்கே டாக்டரைப் பாப்போம். ஆனா ஆஸ்பத்திரியில அவசரப்பட்டுச் சொல்லிடாத. ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தானே? கண்ணுக்குத் தெரியற நடுக்கம் இல்ல. யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்க கால் பிரேக்குக்குப் போக மறுக்குதுன்னு வைங்க. யாருக்கும் தெரியாதுன்னு மறுநாள் வண்டியில ஏறி உக்காருவீங்களா?"

அவர் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி அழுதுவிட்டார். பாவம், அவளுடைய பெருமையில் அவருக்கும் பங்கு இருந்தது, கடைத்தெருவில் யாராவது "கொசு அக்கா வீட்டுக்காரரா?" என்று கேட்டால் அன்றைக்கெல்லாம் நெஞ்சை நிமிர்த்தி நடப்பவர். அவள் அவர் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அவள் நாற்காலிக்கு எதிரே ஒரு தாய், இடுப்பில் பெண் குழந்தையோடு காத்திருந்தாள். வெகு தூரத்திலிருந்து வந்தவள். பக்கத்து மேஜை இரண்டு முறை காலியாகியும் போகாமல், கொசு அக்காதான் வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தாள்.

"என் கை நடுங்குதும்மா" என்றாள் கொசு அக்கா. மெல்லச் சொல்லத்தான் நினைத்தாள். அறை முழுக்கக் கேட்டுவிட்டது. "பக்கத்துல இவங்க எடுப்பாங்க."

பக்கத்து நாற்காலிக்காரி பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. கொசு அக்காவின் கைகளைப் பார்த்தாள். அவை சும்மாதான் இருந்தன.

"ஒரே ஒரு தடவைக்கா. நீங்கன்னா இவ அழமாட்டா."

ஒரு தடவைதானே. இன்றைக்கு ஊசி சரியாக விழவும் விழலாம். எடுத்துவிடலாம் என்று அவளுக்கு ஆசை பொங்கியது. அவள் ஊசித் தட்டைத் தூக்கிப் பக்கத்து மேஜையில் வைத்தாள். குழந்தையை வாங்கித் தன் மடியில் உட்கார்த்தி, அந்தக் குட்டிக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தோழி பழுதில்லாமல் ஒரே குத்தில் எடுத்துவிட்டாள். குழந்தை வீறிட்டு அழுதது.

தாய் குழந்தையைப் பறித்தாற்போல் வாங்கிக்கொண்டாள். போய் வருகிறேன் என்று சொல்லவில்லை, கொசு அக்காவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. அழுகை தாழ்வாரம் கடந்து வெகு நேரம் கேட்டது. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் தன் நாற்காலியைத் தோழியின் மேஜையோரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வருகிற குழந்தைக்கு மடியைக் காட்டினாள்.